ஒரே அண்டாச் சோறு

இறங்கி நின்னு பார்த்தா மட்டும் மண்ணு தானா விலகிடுமா தம்பி? வந்து உட்காருங்க. புல்டோசர் வரணும். அது வர்றதுக்கு அந்த டிரைவர் எங்கேயோ டீ குடிச்சு முடிக்கணும். மழைக்காலத்துல இந்தப் பாதை இப்படித்தான். கல்யாணமான நாள்லேருந்து நான் இதுல போய் வந்துகிட்டிருக்கேன். மலை சரியறதும் நிக்கல, நான் போறதும் நிக்கல. முட்டிதான் தேஞ்சுபோச்சு.

மதுரைப் பக்கமா? பேச்சைக் கேட்டதுமே நெனச்சேன். நான் மோரே. ஆமா, மணிப்பூர் எல்லை ஊரு, வாய்க்காலைத் தாண்டினா பர்மா. எங்கப்பா பர்மாவிலிருந்து கப்பல்ல நம்ம ஊர்ப் பக்கம் வந்து இறங்கினவர். அகதி முகாம்ல இருக்கப் பிடிக்காம, விட்டு வந்த நாட்டுக்கே நடந்து போயிடறேன்னு எங்களையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். எல்லையில மறிச்சுட்டாங்க. மறிச்ச இடத்துலயே கூரையைப் போட்டுட்டார். எங்க ஊருக்குத் தமிழாளுங்க வந்தது அப்படித்தான். இட்லிக் கடை இருக்கு, அங்காளம்மன் கோயில் இருக்கு. ஒருநாள் வந்துட்டுப் போங்க.

இந்தப் பெரிய கேமராவைத் தூக்கிக்கிட்டு மலைக்கு எதுக்குப் போறீங்க? என்னது? தலை வேட்டையா?

அட போங்க தம்பி. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. இப்போ மேல போனா கோயில் மணி அடிக்கும், பிள்ளைங்க கிடார் வாசிக்கும், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வருஷம் பூரா தொங்கும். மண்டை ஓடுங்களையெல்லாம் பாதிரிமார் வந்த காலத்துலயே குழி தோண்டிப் புதைச்சுட்டாங்க. உங்க தலை பத்திரமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. பசிக்கு வேணும்னா ஏதாவது வாங்கி வெச்சுக்குங்க.

ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. தலையைப் புதைச்சாங்க, அது கூட வந்த மத்ததையெல்லாம் புதைக்க முடியல. அது என்னன்னு நான் பட்டு அறிஞ்சேன். சொல்றேன், வண்டி நகர்ற வரைக்கும் வேற என்ன வேலை?

எங்க வீட்டுக்காரர் மோரேயில மளிகைக் கடை வெச்சிருந்தார். மலையிலிருந்து இஞ்சியும் மிளகாயும் ஜீப்புல கொண்டு வர்றவர் ராம்திங். நாகா. அவர் ஊரு ஷோங்ரான், ரொம்ப உசரம். வர்ற அன்னிக்கெல்லாம் எங்க வீட்டுலதான் சாப்பாடு. எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசிப் பேசியே தமிழ் கத்துக்கிட்டார். என்னை "அண்ணி"ன்னுதான் கூப்பிடுவார். ரசத்துக்கு அவர் வெச்ச பேரு மிளகுத் தண்ணி. "அண்ணி, மிளகுத் தண்ணி கொஞ்சம் ஊத்துங்க, மலை ஏறணும்"பார். ஊத்தினா டம்ளர் டம்ளரா குடிப்பார். பெண்டாட்டி சீக்கிரமே போயிட்டா, பிள்ளை இல்ல. என் பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது அவர்தான்.

எங்க வீட்டுக்காரர் திடீர்னு போனாரே, அன்னிக்குச் சொந்தம்னு பக்கத்துலயே இருந்தவங்கல்லாம் வாசல்ல வந்து நின்னுட்டுப் போனாங்க. பாடையில தோள் குடுத்தவர் ராம்திங். சுடுகாட்டுல கடைசி வரைக்கும் நின்னவரும் அவர்தான். கொழுந்தனார் நின்னாரான்னு கேக்காதீங்க. நின்னார். போனது அண்ணனாச்சே, நிக்காம? அது வேற. அவர் வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு செவுருதான். அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நாங்க அன்னந்தண்ணி புழங்கறதில்ல. என் மாமியார் செத்த பதினாறாம் நாள் விசேஷத்துல அவ, என் ஓரகத்தி, ஒரு வார்த்தை சொன்னா. அதை இப்போ எதுக்குச் சொல்லணும்? வாயை எதுக்கு அழுக்காக்கணும்? காலையில விளக்கேத்தி அங்காளம்மாகிட்ட எல்லாருக்காகவும் வேண்டிக்குவேன். அந்த வீட்டுக்காகவும் வேண்டிக்குவேன், பேரைச் சொல்லாம. ஆத்தாளுக்குத் தெரியும் யாருன்னு.

என் சின்னவன் பூமிநாதன். இம்பால்ல படிக்கும்போது ஒரு நாகாப் பொண்ணு மேல ஆசை வெச்சுட்டான். சொரின்லான்னு பேரு. நல்ல பொண்ணு, முதல் தடவை வந்தப்பவே என் அடுப்படியில வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிச்சா. நான் அழுதேன், வெங்காயத்துக்கான்னு கேட்டா. சரி, ஆத்தா விட்ட வழின்னு ஒத்துக்கிட்டேன். கறி திங்கற வீடு, வேற சாமி, எல்லாம் யோசிச்சேன்தான். ஆனா பிள்ளை முகத்தைப் பார்க்கணுமே.

பொண்ணோட அப்பா காம்ராங், அம்மா, அவங்க ஊரு போதகர், மூணு பேரும் பேச வந்தாங்க. அவங்க ஊரு லுங்பாவ். நான் எங்க வீட்டு ஆம்பிளை ஸ்தானத்துல ராம்திங்கை உட்கார வெச்சேன். வேற யாரை வெப்பேன்? ரெண்டு பக்கமும் நாகா, பேச்சு சுலபமா முடியும்னு எனக்குச் சந்தோஷம் வேற. டீயைக் கொண்டுவந்து வெச்சேன். காம்ராங் மணிப்பூரியில ராம்திங்கைக் கேட்டார், "எந்த ஊரு?"

"ஷோங்ரான்."

அவ்வளவுதான். டம்ளரை எடுத்த கை அப்படியே கீழ வெச்சிடுச்சு. பொண்ணோட அம்மா தலையைக் குனிஞ்சுகிட்டா. போதகர் மட்டும், "கர்த்தருடைய ரத்தம் எல்லாத்தையும் கழுவிடுச்சு, அதெல்லாம் இப்போ இல்ல"ன்னார். ஆனா டீயை அவரும் தொடல. வயிறு சரியில்லையாம். ராம்திங் தன் டம்ளரை எடுத்துக்கிட்டுப் பின்வாசலுக்குப் போயிட்டார்.

அவங்க போன பிறகு கேட்டேன், "என்ன அண்ணே இது, டீயில என்ன இருக்கு?"

"அண்ணி, எங்க தாத்தா அவங்க தாத்தாவோட தலையைக் கொண்டு வந்தவர்."

சர்வசாதாரணமா சொல்றார் தம்பி. உங்க வீட்டு ஏணியை நாங்க வாங்கிட்டு வந்தோம்ங்கற மாதிரி.

அப்புறம் விவரமாச் சொன்னார். தலையில உசிரு இருக்காம். அது ஊருக்குள்ள வந்தா நெல்லு நல்லா விளையும், வீட்டுல பிள்ளை பிறக்கும்னு நம்பிக்கை. அதனால தலையைச் சும்மா தொங்கவிட மாட்டாங்களாம். விருந்தாளி மாதிரி கவனிப்பாங்களாம். "வாயில சோறு வெப்பாங்க அண்ணி. அரிசிக் கள்ளு ஊத்துவாங்க. ஊத்திட்டு, 'நல்லாருக்கா? அப்போ உன் அண்ணன் தம்பியைக் கூப்பிடு, உன் பிள்ளையைக் கூப்பிடு, எல்லாரும் இங்க வந்து சாப்பிடட்டும்'னு சொல்லுவாங்க. அந்தத் தலை கூப்பிட்டுகிட்டே இருக்கும். அதனால அவங்க வீட்டு ஆளு எங்க பானையில, நாங்க சாப்பிடற அதே பானையில சாப்பிட்டா, கூப்பிட்ட கூப்பாட்டுக்கு வந்துட்டான்னு அர்த்தம். வந்தவன் உசிரோட திரும்ப மாட்டான்."

"தலையைத்தான் புதைச்சாச்சே?"

"புதைச்சாச்சு. கூப்பிட்டதை எப்படி அண்ணி புதைக்கிறது?"

எனக்குக் கேக்கவே மலைப்பா இருந்தது. எத்தனை தலைமுறை ஆச்சு! செத்தவனும் இல்ல, வெட்டினவனும் இல்ல, ரெண்டு ஊரும் ஒரே வேதம் படிக்குது. ஒரு டீயைக் குடிக்க முடியல. இப்படியும் மனுசங்க இருப்பாங்களான்னு நெனச்சேன். நீங்களே சொல்லுங்க.

ராம்திங், "நான் நிச்சயத்துக்கு வரல அண்ணி, பொண்ணு நல்ல பொண்ணு, கெடுத்துக்காதீங்க"ன்னார். நான் விடல. நீங்க இல்லாம என் வீட்டுல தாம்பூலம் மாத்த மாட்டேன்னுட்டேன். பூமி நடுவுல கிடந்து தவிச்சான். கடைசியில ராம்திங்கே ஒரு வழி சொன்னார். அடுப்பு வேற, பானை வேற. ரெண்டு சமையல் தனித்தனியா நடந்தா ஒரு கூரைக்குக் கீழ உட்காரலாம், தப்பில்ல. அவங்களும் சரின்னு சொல்லி அனுப்பினாங்க.

சரி. இப்போ நீங்க யோசிச்சுப் பாருங்க. எங்க தெரு ஆளு, மலையாளுங்க, எல்லாருக்கும் சமைக்கணும். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பெரிய அண்டா. இன்னொரு அண்டா இருந்தது. என் மாமியாரோடது, பித்தளை, ஊரே சாப்பிடலாம். பாகம் பிரிச்சப்போ அது அந்த வீட்டுக்குப் போயிடுச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கம் கவுத்துத்தான் வெச்சிருக்கா, எங்க மொட்டை மாடியிலிருந்து பார்த்தாத் தெரியும். பூமி சொன்னான், "அம்மா, நான் போய்ச் சித்திகிட்டக் கேட்டு வாங்கிட்டு வரேன்"னு.

"நீ போனா இந்த நிச்சயத்துல நான் உட்கார மாட்டேன்"னேன்.

"வாடகைக்கு?"

எங்க ஊர்ல வாடகைப் பாத்திரம் வெச்சிருக்கறது யாரு? அவ தம்பிதான். விடுடான்னேன்.

நான் பார்த்தேன். இதுல விஷயம் என்ன? ஒருத்தர் எச்சில் இன்னொருத்தர் மேல படக்கூடாது. அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு ரெண்டு அண்டா? ஒரே வடிப்பா வடிச்சேன். வடிச்ச சோத்துல ஒரு பருக்கையை ஒருத்தர் வாயில வெக்கல, சுத்தமா, கோயில் சோறு மாதிரி. அதை ரெண்டாப் பிரிச்சுக் கூடையில தட்டி, ரெண்டு தனித்தனி அடுப்புத் திண்டுல வெச்சு மூடினேன். கரண்டி வேற, ஆளு வேற, இலை வேற. ராம்திங்குக்குக் கூடத்துல ஒரு பந்தி, அவங்களுக்கு முன்னறையில ஒரு பந்தி. நம்ம ஊர்ல இதைவிட யாரு தம்பி சுத்தம் பார்ப்பாங்க?

எல்லாம் நல்லாத்தான் போச்சு. காம்ராங் நல்லாச் சாப்பிட்டார். இடது கையாலச் சாப்பிட்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, சம்பந்தியாச்சேன்னு கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டேன். ரெண்டாம் தடவை சோறு கேட்டார். "இமா, இத்தனை பேருக்கு ஆக்கியும் சோறு பூ மாதிரி இருக்கே"ன்னார். இமான்னா மணிப்பூரியில அம்மா. எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. அடுப்படியில நின்ன களைப்பெல்லாம் போயிடுச்சு. "அத்தனைக்கும் ஒரே வடிப்புத்தான், ஒரு அரிசி குழையல பாருங்க"ன்னேன்.

வாய்க்குப் போன கை அங்கயே நின்னுச்சு.

"அத்தனைக்கும்னா?"

எனக்கு அப்பவும் உறைக்கல. "ஆமா, கூடத்துக்கும் இதே சோறுதான்"னேன்.

மனுசர் எழுந்திரிச்சார். சத்தம் போடல, திட்டல. பின்வாசலுக்குப் போய்த் தொண்டையில விரலை விட்டார். அவர் பெண்டாட்டி முதுகைத் தடவிக்கிட்டே அழறா. வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து என்கிட்டச் சொன்னார், "உங்க மேல தப்பு இல்ல இமா. அவங்க கூப்பிட்டாங்க. நான் வந்துட்டேன்."

தாம்பூலத் தட்டு அப்படியே இருந்தது. தேங்காயைக்கூட எடுத்துக்கல. சொரின்லா ஜீப்புல ஏறும்போது பூமியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே... வேணாம், அதை விடுங்க.

ராம்திங் கூடத்துல பாதி இலையில உட்கார்ந்திருந்தார். "அண்ணி, நான் பானைன்னு சொன்னேனே"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன பண்ணுவேன்? அண்டா ஒண்ணுதானே இருந்தது.

அதுக்கப்புறம் என் வீடு வீடா இல்ல தம்பி. பூமி என்கூடப் பேசறதில்ல. தட்டை எடுத்துக்கிட்டுப் போய்த் தனியா உட்கார்ந்து சாப்பிடுவான். மேலேயிருந்து சேதி வரும். காம்ராங்குக்கு உடம்பு முடியல, பல்லு ஆடுது, வயல் பக்கம் போறதில்ல, சாகறதுக்குக் காத்திருக்கறவர் மாதிரி வெளியவே உட்கார்ந்திருக்கார்னு. டாக்டர் வந்து ஒண்ணுமில்லைன்னுட்டுப் போனாராம். ஒண்ணுமில்லைன்னு சொன்னா? அவருக்கு உள்ள அந்தச் சோறு இருக்கே. நான் அங்காளம்மா கோயில்ல மண்டியிட்டுக் கிடந்தேன். தாயே, நான் ஆக்கின சோறு ஒருத்தரைக் கொல்லக்கூடாதுன்னு. அறிஞ்சு நான் யாருக்குக் கெடுதல் பண்ணினேன்?

ஒருநாள் போதகரே இறங்கி வந்தார். வயிறு சரியாயிடுச்சு போல, என் கையால டீ வாங்கிக் குடிச்சார். ராம்திங் அன்னிக்கு அங்கதான் இருந்தார். போதகர் அவரைப் பார்த்துச் சொன்னார், "ஒரு வழி இருக்குங்கறார் காம்ராங். நீங்க கூப்பிட்டு அவர் வந்தார். இப்போ அவர் கூப்பிடறார். நீங்க எங்க ஊருக்கு வந்து அவர் பானையில சாப்பிடணும். அதோட..." நிறுத்திட்டார்.

"பேரு கேக்கறாரா?"ன்னார் ராம்திங்.

"ஆமா."

ராம்திங் முகம் செத்துப் போச்சு. அவர் எதுக்கும் பயந்து நான் பார்த்ததில்ல. போதகர் போன பிறகு சொன்னார். தலை போன உடம்பை அவங்க ஊருக்குள்ள புதைக்கலையாம். ஊருக்கு வெளியே, பாட்டு இல்லாம, விருந்து இல்லாம, யாரும் போகாத சரிவுல. அவங்க வீட்டுல அவர் பேரை யாரும் எடுக்கல. எடுத்தா அந்தச் சாவு இன்னொருத்தரைத் தேடி வரும்னு பயம். அப்போ காம்ராங்கோட அப்பா தாய் வயித்துல. பொறந்து, வளர்ந்து, தன் அப்பன் பேரு என்னன்னு தெரியாமலே செத்தும் போயிட்டார். பேரு தெரியாதவருக்கு அழவோ, நினைவுக் கல்லு நடவோ முடியாதாம்.

எனக்கு அதுல ஆச்சரியமில்ல. நானும் எங்க வீட்டுக்காரர் பேரை இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல. பேரு சொல்லாம இருக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, பழகிடும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அந்தப் பேரு?"ன்னு கேட்டேன்.

"எங்க வீட்டுல பாட்டு இருக்கே அண்ணி. எங்க தாத்தா பாட்டு. வெட்டினது யாரைன்னு சொன்னாத்தானே பெருமை? சாதாரண ஆளை வெட்டினா என்ன இருக்கு? அதனால அவர் பேரு, அவர் அப்பா பேரு, எவ்வளவு பெரிய ஆளு, எல்லாம் அதுல வரும். அறுவடை விருந்துல எங்க அண்ணன் தம்பிங்க மட்டும்தான் பாடலாம். எங்க வீட்டுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். வெளிய குடுத்தா, எங்க தாத்தாவுக்கு ஒண்ணுமில்லாமப் போயிடும்."

பூமி கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். ராம்திங் அவனைப் பார்த்தார். தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை. "ஜீப்புக்கு டீசல் போட்டு வைடா"ன்னார்.

நாங்க மூணு பேரும் போனோம். இதே பாதைதான். லுங்பாவ் எல்லையில ஜீப்பை நிறுத்தி, இடுப்புல இருந்த தாவோவை, அந்த மலைக் கத்தியை, ஒரு மரத்தடியில வெச்சார். சட்டைக் காலரைப் பின்னால தள்ளிக் கழுத்து தெரியற மாதிரி விட்டுக்கிட்டார். ஊரு பூரா வாசல்ல வந்து நிக்குது. ஒரு நாய்கூடக் குரைக்கல. தாயே தாயேன்னு சொல்லிக்கிட்டே அவர் பின்னாடி போனேன்.

காம்ராங் வீட்டு நடுவுல அடுப்பு. அதுல ஒரு பானை. காம்ராங் பாதியா இளைச்சுப் போயிருந்தார். "வந்தீங்களா"ன்னார்.

"கூப்பிட்டீங்க, வந்தேன்"னார் ராம்திங். உட்கார்ந்தார். பிறகு பாடினார்.

குரல் நல்லாவே இல்ல தம்பி. கரகரன்னு, நடுநடுவுல இருமிக்கிட்டு. அர்த்தம் எனக்குத் தெரியல, சொரின்லா என் காதுல சொல்லிக்கிட்டு வந்தா. இன்னார் மகன் இன்னார். ஆத்துல இறங்கினா மீனே வழி விடும். அவன் சிரிச்சா எதிர்மலையில கேக்கும். அவனை எதிர்ல நின்னு ஜெயிக்க முடியாது, இடது கையால ஈட்டி எறிவான், எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியாது.

காம்ராங் தன் இடது கையைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அழுதார் பாருங்க. அவர் அழ, அவர் பெண்டாட்டி அழ, வாசல்ல நின்னவங்கல்லாம் உள்ள வந்து அழ. நேத்துச் செத்தவருக்கு அழற மாதிரி. சாயங்காலம் வரைக்கும் அழுதாங்க. ராம்திங்கும்தான் அழுதார், அவரை ஏன்னு யாரும் கேக்கல. நான் ஒரு மூலையில உட்கார்ந்து நெனச்சேன், இத்தனை அழுகையை இந்த வீடு எங்க வெச்சிருந்ததுன்னு.

பிறகு பானையை இறக்கினாங்க. முதல் பிடி ராம்திங்குக்கு. காம்ராங் தன் கையால ஊட்டிவிட்டார். இடது கையாலதான். அடுத்த பிடியை அதே பானையிலிருந்து தான் எடுத்துச் சாப்பிட்டார். எனக்கும் குடுத்தாங்க. கறி போட்ட சோறு. நான் அதுவரைக்கும் தொட்டதில்ல. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிட்டேன், என் பிள்ளைக்காக.

கல்யாணம் நடந்துச்சு. மேல அவங்க கோயில்ல ஒரு தடவை, கீழ எங்க கோயில்ல ஒரு தடவை. ராம்திங்தான் தாலியை எடுத்துக் குடுத்தார். பூமி மேலேயே, பொண்ணு ஊர்ப் பக்கம் வேலை தேடிக்கிட்டான். ஒரு பேத்தி இருக்கா, அவளும் இடது கை. மாத்திப் பார்த்தேன், மாற மாட்டேங்கறா.

ராம்திங்குக்குத்தான் நல்லதாப் போகல. அவர் ஊர்ல விஷயம் தெரிஞ்சு போச்சு. கூடப் பொறந்த தம்பியே, "தாத்தாவை வித்துட்டு வந்துட்டே"ன்னு கதவைச் சாத்திட்டான். அறுவடை விருந்துல இவருக்கு இடமில்ல. எங்க பின்கட்டு அறையில வந்து இருந்தார். காலையில எழுந்திரிச்சு மலையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். "அங்க இப்போ மிளகாய் பழுத்திருக்கும் அண்ணி"ன்னுவார். அவ்வளவுதான். குறை சொல்ல மாட்டார். அந்த வீட்டுலயும் போய்ச் சாப்பிடுவார், செவுத்துக்கு அந்தப் பக்கம். அவருக்கு ரெண்டு வீடும் ஒண்ணுதான். வந்து, "அவங்க ரசத்துல புளி அதிகம்"னு சொல்லுவார், எனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு.

போன வருஷம் இதே மழைக்காலம். மார்ச்சளி பிடிச்சுப் படுத்தவர் எழுந்திரிக்கல. கடைசியா மிளகுத் தண்ணி கேட்டார். ஊத்தினேன், உள்ள இறங்கல.

ஷோங்ரானுக்குச் சொல்லி அனுப்பினோம். பாட்டைக் குடுத்தவனுக்கு இங்க மண்ணு இல்லைன்னு பதில் வந்துச்சு. எங்க சுடுகாட்டுல வெச்சுடலாமா, அவங்க வேதத்துல எரிக்க மாட்டாங்களேன்னு நாங்க முழிச்சுக்கிட்டு நிக்கறோம். மறுநாள் விடிய ஆளுங்க வந்து இறங்கினாங்க. லுங்பாவ் ஆளுங்க. முன்னாடி காம்ராங். பாதை இதே மாதிரி அடைச்சுக் கிடந்திருக்கு. சரிவு ஏறி நடந்தே வந்திருக்காங்க.

"எங்க வீட்டு ஆளைக் கொண்டு போக வந்தோம் இமா"ன்னார்.

மூங்கில்ல கட்டித் தோள் மாத்தித் தோள் மாத்தி அந்த மலையில ஏத்தினாங்க தம்பி. ஊருக்குள்ள, கோயில் பக்கத்துல, அவங்க தாத்தாவுக்கு இப்போ கல்லு நட்டிருக்காங்களே, அதுக்குப் பக்கத்துல புதைச்சாங்க. அந்தக் காலத்துல இவங்க வீட்டுலேருந்து தலை மட்டும் அங்க போச்சு. அங்கேயிருந்து ஒருத்தர் முழுசா இங்க வந்து சேர்ந்துட்டார். போதகர் ஜெபம் பண்ணினார், எனக்குப் புரியல. நான் என் பங்குக்கு ஆத்தாளைக் கும்பிட்டேன்.

இப்போ அவருக்குத்தான் கல்லு நடறாங்க. அதுக்குத்தான் போறேன். இந்தப் பையா? அரிசி தம்பி. அவர் உசிரோட இருந்தப்போ எந்தெந்த வீட்டுலல்லாம் சாப்பிட்டாரோ, அந்தந்த வீட்டுலேருந்து ஒரு பிடி அரிசி வரணுமாம். எல்லாத்தையும் ஒரே பானையில போட்டு ஆக்கி, எல்லாரும் சாப்பிடணும். காம்ராங்கோட ஏற்பாடு. ஷோங்ரானுக்கே ஆள் அனுப்பிக் கேட்டாராம். அவர் தம்பி, அந்தக் கதவைச் சாத்தினவன், ஒரு பொட்டலம் அரிசி குடுத்தனுப்பியிருக்கான்னு பூமி போன்ல சொன்னான். கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாருங்களேன், எப்பேர்ப்பட்ட பகை.

அதோ, வண்டிச் சத்தம் கேக்குதா? புல்டோசர்தான். வந்துட்டான் மகராசன்.

என்ன கேட்டீங்க? பக்கத்து வீட்டு அரிசியா?

பூமியும் அதையேதான் கேட்டான், "சித்தி வீட்டுலயும் ஒரு பிடி வாங்கிட்டு வாம்மா, அங்கயும்தானே சாப்பிட்டார்"னு. கிளம்பறப்போ அவ வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. கையில ஒரு முடிச்சு வேற வெச்சிருந்தா. நான் பார்க்காத மாதிரி வந்துட்டேன். அவ அரிசியும் என் அரிசியும் ஒரே பானையில எப்படி தம்பி? இவங்க விஷயம் வேற, இவங்களுக்குள்ள ஒரு தலை போயிருக்கு, அதைப் பேசித் தீர்த்தாங்க. நாங்க என்ன தலையா வெட்டிக்கிட்டோம், சமாதானம் பேச?